ஒரு கொட்டகை, இரண்டு தீனி

நோண்டி முதலில் வென்றது தன் இடது காலை. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அந்தக் காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. இனி நடக்கமாட்டாள் என்று பார்த்தவர்கள் எல்லாம் கையை விரித்தார்கள். ஏழு வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், எட்டு வயதில் சுவரை விட்டாள். அடுத்து வென்றது பள்ளிக்கூடத்துப் படிகளை. மற்ற பிள்ளைகள் மணியடித்த பிறகு ஓடி வருவார்கள். அவள் வெகுநேரம் முன்பே கிளம்பி, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, எட்டாம் வகுப்பு வரை படித்து முடித்தாள். அதற்குப் பிறகு சைக்கிள். ஒற்றைக் காலால் மிதித்தே கடைத்தெரு வரை போய்வந்தாள். இவளை யார் கட்டிக்கொள்வார் என்று உச்சுக்கொட்டிய உறவுக்காரர்களை வென்றாள். கட்டிக்கொள்ளாமலே நன்றாக இருந்து காட்டியதுதான் அதற்கு அவள் செய்தது. சூறைக்காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போன வருஷத்தை வென்றாள். கடைசியாகக் கறிக்கோழிகளின் இதயத்தை வென்றாள். அதை மட்டும்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் தெருவுக்கே தெரியும்.

நோண்டி என்பது அக்கா வைத்த பெயர். தெருப் பிள்ளைகள் 'நொண்டி, நொண்டி' என்று பின்னாலேயே வந்த ஒரு நாள், அக்கா கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சரியா சொல்லுங்கடா. அவ நொண்டி இல்ல, நோண்டி. எது கையில கிடைச்சாலும் நோண்டிப் பாக்காம விடமாட்டா. வேணும்னா உங்க வீட்டு ரேடியோவக் குடுத்துப் பாருங்க."

பெயர் ஒட்டிக்கொண்டது. அது பொய்யும் இல்லை. அக்காவின் தையல் மெஷினை ஒருமுறை முழுக்கக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டினாள். ஒரு திருகாணி மிச்சமானது, மெஷினோ முன்பைவிட நன்றாக ஓடியது. அந்தத் திருகாணி எங்கே இருந்தது என்று இன்றுவரை இருவருக்கும் தெரியாது.

அக்காவின் வீடு ஊரின் மேட்டுப் பக்கம், பனி காலை வெகுநேரம் வரை விலகாத இடத்தில் இருந்தது. முன்னறையில் அக்கா பள்ளிச் சீருடை தைத்தாள். அத்தானுக்கு பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற வேலை. வீட்டுக்குப் பின்னால் நீளமான கோழிக் கொட்டகை. கம்பெனிக்காரர்கள் பொரித்து ஒரு நாளான குஞ்சுகளையும் தீனியையும் கொண்டுவந்து இறக்குவார்கள். ஆறு வாரம் வளர்த்துக் கொடுத்தால் லாரியில் ஏற்றிப் போவார்கள். இடம் அக்காவுடையது என்பதால் ஒப்பந்தக் காகிதம் அக்கா பெயரில் இருந்தது. கோழி முழுக்க நோண்டியின் கையில். அந்த வீட்டில் மின்சாரம், தண்ணீர், கடன் என்று பெயர் வேண்டியிருந்த இடத்தில் எல்லாம் அக்கா பெயரோ அத்தான் பெயரோதான் இருந்தது. நோண்டிக்கு அதில் குறையும் இல்லை. கொட்டகைக்குள் அவளை யாரும் காலை வைத்து அளந்ததில்லை, அது போதும் அவளுக்கு.

வெயில் காலத்தில் விட்ட பேட்ச்கள் நன்றாகவே தேறின. குளிர்காலத்தில்தான் கோளாறு. நான்காவது வாரம் பிறந்ததும் கோழிகள் சாக ஆரம்பித்தன. இருமல் இல்லை, கழிச்சல் இல்லை. ஒரு மூலையில் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். கொண்டை நீலம் பாரிக்கும். மறுநாள் செத்துக் கிடக்கும்.

கம்பெனி சூப்பர்வைசர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார்.

"தடுப்பு மருந்து எல்லாம் குடுத்தாச்சு. சீக்கு எதுவும் தெரியல. அப்புறம் எப்படிம்மா சாகுது?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

"நீங்க கேக்கக் கூடாது. நான்தான் உங்களக் கேக்கணும்."

"கேளுங்க. ரெண்டு பேரும் கேப்போம். யாருக்காவது பதில் கிடைச்சா சொல்லிக்குவோம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "அடுத்த குளிர்லயும் இப்படி ஆச்சுன்னா இந்தக் கொட்டகைக்குக் குஞ்சு இறக்கமாட்டாங்க. இது என் பேச்சு இல்ல, ஆபீஸ் பேச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த குளிர் வந்தது. நோண்டி தனக்குத் தெரிந்ததை எல்லாம் இரட்டிப்பாகச் செய்தாள். தீனித் தட்டு ஒரு நிமிஷம்கூடக் காலியாக விடவில்லை. இரவு முழுக்க பல்பு எரிந்தது, தூங்காமல் தின்னட்டும் என்று. பனிக்காற்று வராமல் பக்கவாட்டுப் படுதாக்களை இறுக்கிக் கட்டினாள். வாரத்துக்கு ஒருமுறை தொங்கு தராசில் இருபது கோழிகளைப் பிடித்து எடை போட்டாள். எடை இருக்க வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. எடையும் ஏறியது, சாவும் ஏறியது. இரண்டும் ஒன்றாக ஏறுவது எப்படி என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

ஒரு காலையில், செத்துக் கிடந்த கோழி ஒன்றைத் தூக்கினாள். ஆள் சின்னதுதான், கையில் கனத்தது. துணி துவைக்கிற கல்லின் மேல் கிடத்தி, கத்தியால் வயிற்றைக் கீறினாள். மஞ்சளாகத் தண்ணீர் கொட்டியது. கல்லை நனைத்து, அவள் செருப்பை நனைத்து, வாசல்வரை ஓடியது.

"என்னடி கருமம் இது, குடத்தக் கவுத்த மாதிரி" என்றாள் அக்கா, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு.

"அக்கா, இங்க வந்து நெஞ்சத் தொட்டுப் பாரு."

"நான் எதையும் தொடமாட்டேன்."

"தொட வேணாம், பாரு. சதையே இல்ல. நெஞ்செலும்பு கத்தி மாதிரி நிக்குது. நான் போட்ட எடையெல்லாம் தண்ணி, அக்கா."

அக்கா மூக்கை மூடிய கையை எடுக்காமலே குனிந்து பார்த்தாள்.

கடைத்தெருவில் கால்நடை மருத்துவமனை இருந்தது. நோண்டி சைக்கிளில் போய் விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த டாக்டரம்மா, "செத்தது ஒண்ணு, சீக்கானது ஒண்ணு, நல்லது ஒண்ணு, மூணும் கொண்டாங்க" என்றார். செத்ததும் சீக்கானதும் உடனே கிடைத்துவிட்டன. நல்லதுதான் கிடைக்கவில்லை. அவள் ஒரு அடி வைத்தால் அது பத்தடி ஓடியது. மூலையில் மடக்கினால் காலுக்கிடையில் நுழைந்து போனது. மூச்சு வாங்க, தரையில் பரப்பியிருந்த மரத்தூளில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வாரமாக எடை போடப் பிடித்த கோழிகள் எவை? அவள் கைக்கு அகப்பட்டவை. அவள் கைக்கு அகப்பட்டவை எவை? ஓட முடியாதவை. வயிற்றில் தண்ணீர் கட்டி நின்ற இடத்திலேயே நின்ற கோழிகளைத்தான் வாராவாரம் தூக்கித் தராசில் போட்டு, கொட்டகை முழுக்கக் கொழுத்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சத்தம் கேட்டு வந்த அத்தானிடம், "அத்தான், ஓடற கோழி ஒண்ணு பிடிச்சுக் குடுங்க" என்றாள்.

"எது ஓடற கோழி?"

"உங்களுக்குக் கிடைக்காதது எதுவோ அது."

அத்தான் அரைமணி நேரம் கொட்டகையைச் சுற்றிவந்து, சட்டையெல்லாம் மரத்தூளாக, ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "டயரே தேவலாம். நின்ன எடத்துல நிக்கும்."

மருத்துவமனையில் அன்று கூட்டம் இல்லை. டாக்டரம்மா செத்த கோழியை அறுத்து, இதயத்தை எடுத்து நோண்டியின் உள்ளங்கையில் வைத்தார்.

"தொளதொளன்னு இருக்கே. நல்ல கோழிக்கு இது கெட்டியா இருக்கும்" என்றாள் நோண்டி.

"வலது பக்கம் வீங்கித் தளந்துபோச்சு. நுரையீரலுக்கு ரத்தத்தத் தள்ளித் தள்ளி ஓய்ஞ்சு போன இதயம் இது. தள்ள முடியாத ரத்தம் பின்னால தேங்குது. அதுலேர்ந்து கசியறதுதான் வயித்துல நிக்கற தண்ணி."

"அது என்ன மூட்டையா தூக்குது, இப்படி ஓய்ஞ்சு போக?"

"தூக்குதுதான். ஆறு வாரத்துல ஒரு கைப்பிடிக் குஞ்சு முழுக் கோழியா ஆகுது. நீங்க குடுக்கற தீனி அவ்வளவு சத்து. ஒடம்பு முன்னால ஓடுது. இதயமும் நுரையீரலும் பின்னால ஓடிக் களைக்குது. குளிர்ல ஒடம்பச் சூடா வெச்சுக்கறதுக்கு இன்னும் காத்து வேணும். நீங்க படுதாவ வேற இறுக்கிக் கட்டிட்டீங்க."

"அப்ப நல்லா தின்னறதுதான் முதல்ல விழுதா?"

"பெரும்பாலும்."

"நல்லா தின்ன கோழிக்கு நெஞ்சுச் சதை எங்க போச்சு?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. "இதயம் ஓய்ஞ்ச பிறகு பசி போயிடும். தீனி கண்ணு முன்னாலயே இருக்கும், வாய் வைக்காது. ஆனா மூச்சு வாங்கறதுக்கே ஒடம்புக்குச் செலவு கூடிப் போயிருக்கும். வெளியிலேர்ந்து வரலன்னா உள்ளேர்ந்து எடுக்கும். தன் சதையையே கரைச்சுச் சாப்பிடும். நாய்க்கும் பூனைக்கும் மனுஷனுக்கும் இதேதான். தராசு காட்டிக் குடுக்காது. சதை போன கணக்கத் தண்ணி வந்து மூடிடும். கையால தடவிப் பாத்தாத்தான் தெரியும்."

நோண்டி மேஜையிலிருந்த இரண்டு உயிர்க்கோழிகளின் நெஞ்சையும் மாறி மாறித் தடவினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.

"இனிமே நல்லா ஊட்டினா இதுக்குச் சதை திரும்புமா?"

"நாயா இருந்தா மருந்து குடுத்து, உப்பக் கொறச்சு, புரதத்த மட்டும் கொறைக்காம, பிடிச்சதக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டி இழுத்துப் பிடிக்கலாம். கறிக்கோழிக்கு அதுக்கு நாளே கிடையாது. வராமப் பாத்துக்கறதுதான் வழி. ரெண்டாவது வாரத்துல கொஞ்சம் பசியோட விடுங்க. குருணையா குடுக்காம மாவா குடுங்க, மெதுவாத் தின்னும். இதயம் ஒடம்ப எட்டிப் பிடிக்கட்டும். விட்ட வளத்திய பிறகு பிடிச்சிடும்னு படிச்சிருக்கேன்."

"படிச்சிருக்கீங்களா, பாத்திருக்கீங்களா?"

"படிச்சிருக்கேன். இந்த ஊர்க் குளிர்ல செஞ்சு பாத்தவங்க யாரும் எனக்குத் தெரியாது."

"அப்ப பாத்துட வேண்டியதுதான்" என்று நோண்டி எழுந்தாள். நல்ல கோழி அவள் பையிலிருந்து தலையை நீட்டி ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டே வீடு வந்தது.

அந்த பேட்ச் போனது போனதுதான். குளிர் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு பேட்ச் விடலாம். அதுதான் கடைசி வாய்ப்பு என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. அதில் தீனியைக் குறைக்கப் போகிறேன் என்று நோண்டி சொன்னதும் சூப்பர்வைசர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே பேசினார்.

"தீனியக் கொறச்சா எடை கொறையும். எடை கொறைஞ்சா என் தலை உருளும்."

"செத்த கோழிக்கு எடை இருந்து என்ன சார் பண்றது? பாதிக் கொட்டகை உங்க இஷ்டத்துக்கு. பாதி என் இஷ்டத்துக்கு. நடுவுல கம்பி வலை கட்டிடறேன். குளிர் ஒண்ணு, காத்து ஒண்ணு, குஞ்சும் ஒரே பெட்டியில வரப்போறது. தீனி மட்டும்தான் வேற."

"இதென்ன பாகப் பிரிவினையா?"

"அதேதான். உங்க பங்குக்கும் நான்தான் வேலை பாப்பேன், கவலப்படாதீங்க."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். கொட்டகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை பார்த்தார். "சரி. பாதிதான். கெட்டாலும் பாதிதான் கெடும்."

தீனியை மாவாக்குவது பெரிய கூத்தாகிவிட்டது. மாவு மில்காரர் மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இங்க மனுஷங்க தின்னற மாவு அரைக்கிறோம்மா" என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் பழைய கைச்சுற்று அரைவை மெஷின் ஒன்றை நோண்டி கழற்றித் துடைத்துப் பூட்டினாள். தினமும் டிப்போவிலிருந்து வந்ததும் அத்தான் அதைச் சுற்றினார். "பசங்கள வளக்கும்போதுகூட இவ்வளவு ஊட்டல" என்று முனகிக்கொண்டே சுற்றினார்.

இரண்டாவது வாரம் பிறந்தது. வலைக்கு அந்தப் பக்கம் தட்டு நிரம்பிக் குருணை. இந்தப் பக்கம் காலையும் மாலையும் மட்டும் மாவு. நடுவில் தட்டுகளைக் கயிற்றில் மேலே தூக்கிக் கட்டிவிடுவாள். இந்தப் பக்கத்துக் குஞ்சுகள் வலையோரமாக வரிசை கட்டி நின்று, பக்கத்து வீட்டு விருந்தைப் பார்ப்பதுபோல் பார்த்தன. பசியில் அவை கத்திய சத்தம் தையல் மெஷின் வரைக்கும் கேட்டது.

"பாவம்டி" என்றாள் அக்கா.

"பாவம்தான். ஒரு வாரம் பொறுத்துக்கோ."

"நான் பொறுத்துக்குவேன். அதுங்க?"

எடை போடுவதற்கும் புது வழி கண்டுபிடித்திருந்தாள். யாரையும் துரத்துவதில்லை. மடக்குகிற கம்பிச் சட்டம் ஒன்றை மூலையில் வளைத்து வைத்து, அதற்குள் தானாக அகப்பட்ட எல்லாவற்றையும், ஓடுவதையும் நிற்பதையும் ஒன்று விடாமல், எடை போட்டாள். மூன்றாவது வாரம் அவள் பக்கம் நன்றாகவே இளைத்துத் தெரிந்தது. சூப்பர்வைசர் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தாலே தேவலாம் போலிருந்தது நோண்டிக்கு. தான் நினைத்தது தப்பாகப் போனால் இந்தக் கொட்டகையில் அடுத்து நிற்கப் போவது அக்காவின் துணி மூட்டைகள்தான் என்று அவளுக்குத் தெரியும்.

நான்காவது வாரத்தின் நடுவில், அந்தப் பக்கம் ஒரு கோழி மூலையில் போய் நின்றது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மறுநாள் இன்னும் இரண்டு. பிறகு தினமும். அவள் பக்கத்தில் கோழிகள் தட்டை நிரப்பும்போதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தின்றன. பசி வாரம் முடிந்ததிலிருந்து நாள் முழுக்கத் தீனி விட்டிருந்தாள், மாவாகவே. கண்ணெதிரே பெருத்தன.

காலையில் எழுந்ததும் முதலில் அந்தப் பக்கம்தான் போய்ப் பார்ப்பாள். எதுவும் சாகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போவாள். செத்திருந்தால்தான் தெரியும் என்றும் ஒரு மனது சொல்லும். செத்ததை எடுத்து வெளியே வைக்கும்போது அந்த இரண்டாவது மனதைத் திட்டுவாள்.

"உன் பக்கம்தானே ஜெயிக்குது, அப்புறம் ஏண்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்று கேட்டாள் அக்கா.

"அந்தப் பக்கமும் நான் வளத்ததுதானே அக்கா."

அவள் பக்கம் முழுக்கத் தப்பிக்கவும் இல்லை. ஐந்தாவது வாரம் இங்கேயும் சிலது வயிறு கனத்து நின்றன. சைக்கிளில் போய் டாக்டரம்மாவிடம் கேட்டாள். தீனி ஒரு காரணம், காற்று இன்னொரு காரணம், அதையும் முன்பே சொன்னேனே என்றார் அவர். வந்து படுதாக்களின் மேல்பகுதியை ஒரு முழம் இறக்கிவிட்டாள், இரண்டு பக்கத்துக்கும். அந்தப் பக்கம் அதற்குப் பிறகு சாவு கொஞ்சம் மட்டுப்பட்டது, நிற்கவில்லை.

லாரி வருவதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் வந்தார். நோண்டி மூலையில் சட்டத்தை வளைத்தாள். அவரே தராசைப் பிடித்தார். அந்தப் பக்கத்தில் நல்லதாக இருந்தவை நல்ல எடைதான். அவள் பக்கத்துக் கோழி ஒவ்வொன்றும் அதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் அந்தப் பக்கம் இடம் காலியாகக் கிடந்தது, இந்தப் பக்கம் கால் வைக்க இடம் இல்லை. அதை எடை போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒரே எடையுள்ள இரண்டு கோழிகளை, தன் பக்கத்தில் ஒன்றும் அந்தப் பக்கத்தில் வயிறு கனத்து நின்ற ஒன்றுமாக, அவர் கையில் கொடுத்தாள்.

"தராச விடுங்க சார். நெஞ்சத் தடவிப் பாருங்க."

தடவினார். கைகளை மாற்றி மறுபடியும் தடவினார். "ஒண்ணு மெத்தை, ஒண்ணு ரம்பம்" என்றார். "இத நான் ஆபீஸ்ல எப்படிம்மா சொல்லிப் புரிய வைக்கிறது?"

"சொல்லாதீங்க. ரெண்டையும் கொண்டுபோய்க் கையில குடுத்துடுங்க. நீங்க சொல்றதுக்கு முன்னாடி அதுவே சொல்லிடும்."

இரண்டு கோழிகளும் அட்டைப் பெட்டியில், மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போயின.

லாரி வந்து ஏற்றிப் போனது. கொட்டகையைக் கூட்டி, மரத்தூளை வாரிக் கொட்டி, சுண்ணாம்பு அடித்தாள். குஞ்சு வருமா வராதா என்று ஒரு தகவலும் இல்லை. வீட்டில் எல்லோரும் அதைத் தவிர மற்றதை எல்லாம் பேசினார்கள்.

ஒரு மத்தியானம் ஆபீஸிலிருந்து போன். காகிதத்தில் அக்காவின் பெயர்தானே, அக்காவைத்தான் கேட்டார்கள். எந்த நாளில் தீனியைக் குறைத்தீர்கள், எவ்வளவு குறைத்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றாள் அக்கா. மாவு எவ்வளவு நைஸாக அரைத்தீர்கள் என்றார். "இருங்க, கேட்டுச் சொல்றேன்." கோழியின் நெஞ்சை எந்த வாரத்திலிருந்து தடவிப் பார்க்க வேண்டும் என்றார்.

"சார், நான் துணி தைக்கிறவ. நெஞ்சளவு கேட்டா சட்டைக்குத்தான் சொல்லத் தெரியும். கோழிய வளத்தது என் தங்கச்சி. அவகிட்டயே பேசுங்க" என்று போனை நீட்டினாள். நோண்டி அரைமணி நேரம் பேசினாள். அதில் பாதி நேரம் அவள்தான் கேள்வி கேட்டாள்.

மறுவாரம் சூப்பர்வைசர் உறையோடு வந்தார். குஞ்சு இறக்கலாம் என்று முடிவாகிவிட்டது. குளிர்காலத்துக்கு முழுக் கொட்டகையும் அவள் சொன்ன தீனிதான். இனிமேல் யார் பதில் சொல்கிறார்களோ அவர்கள் பெயரில்தான் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். இடத்துக்காரர் சம்மதம் என்று அக்கா தனியாக ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அக்கா அதைப் படிக்காமலே போட்டாள்.

நோண்டி தன் காகிதத்தைத் தையல் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். எட்டாவது வரியில் நிறுத்தி, தீனி கெட்டு வந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்டாள். சூப்பர்வைசர் சொன்னார். இரண்டாவது பக்கத்தில் இன்னொரு சந்தேகம். அவர் டீ ஆறிப்போனது. அக்கா இன்னொரு டீ போட்டு வைத்தாள், அதுவும் ஆறியது. கேள்விகள் முடிந்த பிறகு, "எங்க போடணும்?" என்றாள். அவர் கடைசிப் பக்கத்தின் கீழ்மூலையைக் காட்டினார். முப்பத்தெட்டு வயது வரை எந்தக் காகிதமும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. துணியில் கோடு போடுகிற பென்சிலை அவள் எடுக்கப் போக, அக்கா பேனாவை மூடி கழற்றிக் கையில் கொடுத்தாள். எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, அவசரப்படாமல், முழுப் பெயரையும் எழுதினாள். அன்று இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, பிப்ரவரி மாதம் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை.